இன்ட்ரின்சிக் செயற்கூறு சேர்த்தல்

இன்ட்ரின்சிக் என்பது கம்பைலருக்கு முன்கூட்டியே பொருள் தெரிந்த செயற்கூறு. மற்ற செயற்கூறுகளைப் போலவே நிரலில் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால் பெரும்பாலும் அதற்கென்று எந்த லைப்ரரியிலும் குறிமுறை இருக்காது. அழைத்த இடத்திலேயே கம்பைலரின் குறிமுறை உருவாக்கும் பகுதி ஓரிரு எந்திர ஆணைகளை எழுதிவிடும்.

ஓர் எண்ணில் எத்தனை பிட்டுகள் 1 என்று எண்ணும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று சிப்பில் ஆணை இல்லையென்றால் பிட்டுகளை இரண்டிரண்டாக, நான்கு நான்காக, எட்டெட்டாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 32 பிட் எண்ணுக்கே பத்துக்கு மேற்பட்ட ஆணைகள் பிடிக்கும். ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் 2021-இல் ஏற்கப்பட்ட பிட் கையாளும் நீட்சி இதை ‘சிபாப்’ என்ற ஒரே ஆணையில் முடிக்கிறது. எல்எல்விஎம் கம்பைலரின் ‘சிடிபாப்’ இன்ட்ரின்சிக் இரண்டுக்கும் பொது: ஆணை இருந்தால் அது, இல்லாவிட்டால் சுற்றுவழி.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நேரடித் தொடர்புள்ள இடம் சென்னை ஐஐடி. அங்கே 2014-இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் ரிஸ்க்-ஃபைவை அடிப்படையாகக் கொண்டது. அதன் சிப்புகள் 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், ‘ரிமோ’ என்ற சிப் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் உருவாயின. இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த ‘ஐரிஸ்’ சிப் 2025-இல் அறிவிக்கப்பட்டது. வடிவமைப்பாளர் சொந்தமாக ஆணை சேர்க்க ரிஸ்க்-ஃபைவ் இடம் தருகிறது; கஸ்டம்-0, கஸ்டம்-1 என்ற குறியீட்டு இடங்களைத் தரநிலை நீட்சிகள் தொடுவதில்லை. ஆனால் சிப்பில் ஆணை வந்துவிட்டாலே சி நிரலர் அதைப் பயன்படுத்திவிட முடியாது. அசெம்பிளி வரியாக நிரலுக்குள் செருகலாம். அப்படிச் செருகியதைக் கம்பைலர் திறந்து பார்ப்பதில்லை, கட்டிய மூட்டை மாதிரி அப்படியே கடத்திவிடும். இன்ட்ரின்சிக் தேவைப்படுவது இதனால்தான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வே, கிறிஸ் லாட்னர் இருவரும் 2000-இல் தொடங்கிய எல்எல்விஎம்மில் புதிய இன்ட்ரின்சிக்கைச் சேர்க்கத் தொடுவது சில கோப்புகளைத்தான். டேபிள்ஜென் கோப்பில் பெயர், உள்ளீட்டு வகை, விடையின் வகை, பண்புகள் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். சிப்புக்குரிய கோப்பில் ‘இந்த இன்ட்ரின்சிக் வந்தால் இந்த ஆணை’ என்ற பொருத்த விதியை எழுத வேண்டும். சி மொழியிலிருந்து அழைக்க, எல்எல்விஎம்மின் சி முகப்பான கிளாங்கில் ஒரு பில்ட்இன் வேண்டும். முழுக்கப் புதிய இடைநிலை ஆணையையே சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இது எளிது. புதிய ஆணைக்கு, இடைநிலை நிரலைச் சேமிக்கும் பிட்கோட் வடிவத்திலும் கைவைக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் பண்புகளில் இருக்கிறது. பொருத்த விதி தவறானால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். பண்பு தவறானால் நிரல் சத்தமில்லாமல் தப்பான விடை தரும். சிப்பின் கடிகாரச் சுழற்சி எண்ணியைப் படிக்கும் இன்ட்ரின்சிக்குக்கு ‘நினைவகத்தைத் தொடாது, பக்கவிளைவும் கிடையாது’ என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு லூப்புக்கு முன்னும் பின்னும் அதை அழைத்து நேரம் பார்க்கிறோம். ஒரே உள்ளீடு, எனவே ஒரே விடை என்று கருதும் கம்பைலர் இரண்டு அழைப்புகளையும் ஒன்றாக்கிவிடும். கழித்தால் பூச்சியம். லூப் எவ்வளவு நேரம் ஓடினாலும் பூச்சியம்தான். பயந்துபோய் எல்லாவற்றையும் ‘நினைவகத்தைத் தொடும்’ என்று எழுதினால் வேறு நட்டம்: பிட் எண்ணும் அழைப்பு, விடை மாறாதபோதும், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப ஓடும். ஆணையில் பதிய வேண்டிய மாறிலியை மாறிலி என்று அறிவிக்காமல் விடுவதும் புதியவர்கள் செய்யும் தவறு.

பொருத்த விதியையே மறந்தால் ‘கேனாட் செலக்ட்’ என்று கம்பைலர் நின்றுவிடும். அப்படி நிற்பதும் நல்லதுதான். ஒவ்வொரு சேர்ப்புக்கும் சோதனைக் கோப்பு ஒன்று உண்டு. எதிர்பார்த்த ஆணை வெளியீட்டில் வந்ததா என்று ‘ஃபைல்செக்’ என்ற கருவி வரிவரியாகப் பார்க்கும். இந்தச் சோதனைக்குச் சிப்பே வேண்டாம். மூலக்குறிமுறை எல்லோருக்கும் திறந்தது என்பதால், பாம்பன் தீவின் அக்காள்மடத்தில் லேப்டாப் வைத்திருக்கும் மாணவரும் ரிஸ்க்-ஃபைவ் பகுதியை மட்டும் பில்ட் செய்து இதை முயலலாம். முதல் பில்டுக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஆணை ஓடிக் காட்ட வேண்டுமென்றால் ‘ஸ்பைக்’ என்ற ரிஸ்க்-ஃபைவ் சிமுலேட்டரில் அந்த ஆணையையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஜிசிசி கம்பைலரில் பெயர்கள் வேறு. அங்கே பொருத்த விதிகள் எந்திர விவரணைக் கோப்பில் இருக்கும். கம்பைலருக்குப் பொருள் தெரியாத ஆணையை ‘அன்ஸ்பெக்’ என்று குறிப்பார்கள். பக்கவிளைவு உள்ளதற்கு ‘அன்ஸ்பெக் வாலடைல்’ என்று தனிக் குறியே இருக்கிறது.