பழைய ரலிக்கு விலை சொல்லும் முன்

 

கொஞ்ச நாட்களாக நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பழைய சைக்கிள் தேடி ஆட்கள் வருகிறார்கள். "இங்கிலாந்துச் சாமான் ஏதும் இருக்கா?" என்று லயத்து வாசலில் நின்று கேட்கிறார்கள். கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடப்பதற்கு, பழைய இரும்பு விலையை விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் நம்மவர்களும் சந்தோசமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். விற்பது தவறே இல்லை. வீட்டுக்குப் பணம் தேவை. ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்போம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தைப் போல வீட்டுக்கு வீடு சைக்கிள் நின்ற ஊர் அல்ல நம்முடையது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர். மலைக்கு வேலைக்குப் போகும் பாதை கால்நடைப் பாதை. கொழுந்துக் கூடையோடு சைக்கிள் ஓட்ட முடியாது. ஆகவே நம் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் குறைவு. தபால் எடுத்துப் போனவர், கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சர், வாத்தியார், டவுனில் கடை வைத்திருந்தவர் என்று பெரியவர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் ஏறி வந்த வண்டிகள் அவை. குறைவாக இருந்ததால்தான் எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

இன்னொரு தொடர்பை நாம் மறந்தே விட்டோம். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் கிளம்பியது. உலகத்துக்கு இறப்பர் வேண்டியிருந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி பக்கமெல்லாம் இறப்பர் தோட்டங்கள் எழுந்தன. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் நம் மக்களைப் போலத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். சைக்கிள் வாங்கும் வசதி இல்லாத கைகள்தான் சைக்கிள் டயருக்கு இறப்பர் கொடுத்தன. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இப்போது வண்டிக்கு வருவோம். ரலி 1887இல் நொட்டிங்ஹாம் நகரில் ரலி வீதியில் தொடங்கியது. அந்த வீதியின் பெயர்தான் கம்பனிக்கும் வந்தது. ஹேர்குலிஸ் 1910இல் பேர்மிங்ஹாமில் தொடங்கியது. பி.எஸ்.ஏ துப்பாக்கி செய்த கம்பனி. அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் இருப்பது அதனால்தான். 1932இல் ஹம்பர் சைக்கிளையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ சைக்கிளையும் ரலி வாங்கியது. 1960இல் ஹேர்குலிஸும் பிலிப்ஸும் அதே குடைக்குள் வந்துவிட்டன. ஆகவே "இது ரட்ஜ், ரலியை விட ஒசத்தி" என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து ரட்ஜ் என்று கேளுங்கள். பிற்கால வண்டிகளில் பெயர்தான் வேறு, வீடு ஒன்று.

அதேபோல இந்தியாவிலும் இந்தப் பெயர்களில் வண்டிகள் வந்தன. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ என்ற பெயர்களில் செய்தது. வங்காளத்தில் அசன்சோலில் சென் ரலி கம்பனி செய்தது. அவையும் நல்ல உழைப்பாளி வண்டிகள்தான். ஆனால் தேடி வருபவர் கொடுக்கும் விலை வேறு.

எப்படிப் பார்ப்பது? நாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

1. பல்சக்கரத்தைப் பாருங்கள். ரலியில் கொக்குத் தலை வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜில் ஒரு கை. ஹம்பரில் மனித உருவங்கள். ஹம்பரின் பழைய வண்டிகளில் முன் கவடு பக்கத்துக்கு இரட்டைக் குழாயாக இருக்கும். அதைப் போலியாகச் செய்வது லேசில்லை.

2. பின் சக்கரத்தின் நடு உருளையைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் என்றால் அதில் எழுத்தும் இலக்கமும் பொறித்திருக்கும். 64, 5 என்று இருந்தால் 1964ஆம் ஆண்டு மே மாதம் செய்தது. வண்டியின் வயதுக்கு நல்ல சாட்சி இது. ஆனால் சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே ஃபிரேம் இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

3. கம்பிகளை எண்ணுங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40. இரண்டிலும் 36 என்றால் பிற்கால வண்டி, அல்லது சக்கரம் மாறியிருக்கிறது.

4. ப்ரூக்ஸ் தோல் சீற், டைனமோ உருளை, செயின் கவர், மணி இவை தனித்தனியாகவே விலை போகும். "இது உடைஞ்சது, எதுக்கும் ஆகாது" என்று சொல்லி அவற்றைச் சும்மா எடுத்துப் போக விடாதீர்கள்.

5. விற்பதற்காகப் புதிதாக பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய பெயின்ட்டும் அதன் மேல் உள்ள தங்கக் கோடும் எழுத்தும்தான் விலையைத் தூக்கும். மண்ணைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் போட்டால் போதும்.

வாங்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. ரலியின் திருகு மரைகள் அந்தக் கம்பனிக்கே உரிய அளவு. வேறு வண்டியின் கப் அதற்குப் பொருந்தாது. பெடல் அச்சு ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பி பிரேக் வண்டியை நம் ஊர் மழையில் நம்ப வேண்டாம். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. மூன்று கியரில் முதல் கியர், நடு கியரின் முக்கால் பங்கு. அது இல்லாத வண்டியை நம் ஏற்றங்களில் தள்ளத்தான் முடியும்.

பழைய சைக்கிளின் உண்மையான பெறுமதி கஷ்ட காலத்தில் தெரிந்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தை இந்த வண்டிகள்தான் சுமந்தன. நோயாளியும் விறகும் சைக்கிளில்தான் போயின. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது நாடே அதை மீண்டும் கண்டது. சமதரையில் மூலையில் கிடந்த வண்டிகளெல்லாம் வீதிக்கு வந்தன.

கடைசியாக, நமக்கு முக்கியமான விசயம். சைக்கிளுக்கு உள்ளூராட்சிச் சபைகள் வருட வரி எடுத்தன. பிரதேச சபை அறிவித்தல்களில் இன்றும் பார்க்கலாம்: வியாபாரத்துக்கு ஓடும் சைக்கிளுக்கு 18 ரூபா, மற்றதுக்கு 4 ரூபா, யானைக்கு 50 ரூபா! சிரிப்பு வரும். ஆனால் அந்த 4 ரூபா ரசீதை யோசியுங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, தகப்பன் எங்கே பிறந்தார் என்று காட்டக் காகிதம் இல்லாமல் நம் மக்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின் பின் எத்தனை குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. வீட்டுக்கு வீடு உறுதியும் பத்திரமும் இல்லாத சமூகம் நாம். பாட்டனின் பெயர், தோட்டத்தின் பெயர், திகதி எழுதிய ஒரு ரசீதோ, ஒரு சிறு தகடோ இருந்தால் அது நம் வரலாற்றுக்குச் சாட்சி.

ஆகவே விற்பவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். வண்டியைக் கொடுங்கள், ரசீதையும் தகட்டையும் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஃபிரேம் இலக்கத்தை எழுதுங்கள். யார் வாங்கினார், எங்கே ஓட்டினார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் போனில் பதிந்து வையுங்கள். ஒரே ஆளிடம் விலை கேட்டு முடிக்காமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

வாங்கி விற்கும் நம் வியாபாரச் சகோதரர்களிடமும் ஒன்று. பொருளின் குறையை மறைத்து விற்பது எப்படி ஹலால் இல்லையோ, அறியாதவரிடம் பெறுமதியை மறைத்து வாங்குவதும் மனச்சாட்சிக்கு ஆகாது. நியாயமான இலாபம் வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வீட்டில், தோட்டத்தில் பழைய சைக்கிள் இருந்தால் படத்தையும் அதன் கதையையும் இங்கே போடுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் தோட்டத்தின் பெயர் மாத்திரம் போதும். சேர்த்து வைத்து நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.