பாம்பு நஞ்சு காட்டிக்கொடுத்த புரதம்

1938-இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. டூரின் நகரத்து இளம் மருத்துவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவியாக்கி, கோழிக் கருக்களை அறுத்துப் பார்த்தார். கருவின் கால் மொட்டை வெட்டினால், அதை நோக்கி வளர்ந்த நரம்புச் செல்களும் மடிந்துபோகின்றனவே, ஏன்?

போருக்குப் பின், இதே கேள்வியில் ஊறியிருந்த விக்டர் ஹாம்பர்கர் அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தால் நரம்பிழைகள் கட்டிக்குள் மொய்ப்பதை எல்மர் பியூக்கர் முன்பே கண்டிருந்தார். ரீட்டா கட்டியைக் கருவைத் தொடாமல் வெளிச் சவ்வின்மேல் வைத்தார். அப்போதும் நரம்புகள் பெருகின. கட்டி எதையோ சுரக்கிறது, அது இரத்தத்தில் பரவுகிறது என்று அவருக்குப் புரிந்தது.

அந்த எதையோ பிரித்தெடுக்க 1953-இல் வந்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா? நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு நஞ்சில் உண்டு என்பதால் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். நரம்பிழைகள் குறையவில்லை, தாறுமாறாகப் பெருகின. கட்டியே இல்லாமல் வெறும் நஞ்சை விட்டாலும் பெருகின! இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சோதிக்கச் சேர்த்த பொருளிலேயே, தேடிய பொருள் கட்டியில் உள்ளதைவிடப் பன்மடங்கு இருந்தது. நஞ்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவு என்பதால் கோஹன் அடுத்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார். ஆண் எலியில் அது ஏராளம். அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி.

118 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் இணைந்த புரதம் அது. ஒவ்வொன்றிலும் மூன்று கந்தகப் பாலங்கள்; இரண்டு பாலங்கள் அமைக்கும் வளையத்துக்குள் மூன்றாவது நுழைந்து முடிச்சிடுகிறது. இந்த இரட்டைச் சங்கிலி, செல்லின் மேற்பரப்பில் இரண்டு ஏற்பிகளைப் பிடித்து ஒன்றாகச் சேர்க்கிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்ற, பிழைத்திரு என்ற கட்டளை செல்லுக்குள் போகிறது. இலக்கு உறுப்பு சுரப்பதோ கொஞ்சம்தான். எட்டிப் பெற்ற நரம்பு வாழ்கிறது, பெறாதது மடிகிறது. படுக்கையறைக் கேள்விக்குப் பதில் இது.

தூய்மையாக்காத அதே சுரப்பிச் சாற்றைக் குட்டி எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்கள் வழக்கத்துக்குப் பல நாள் முன்பே திறந்தன. வேறொருவர் என்றால் கலப்படத்தின் வேலை என்று ஒதுக்கியிருப்பார். கோஹன் அதைத் துரத்தி, 53 அமினோ அமிலங்கள் கொண்ட மேல்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிடித்தார். அதன் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் இன்று நுரையீரல் புற்றுக்குத் தரப்படுகின்றன.

1986-இல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. வழியமைத்த ஹாம்பர்கரைச் சேர்க்காதது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.