துறவற அங்கிக்குள் ஒரு டாக்டர்

மயிலாப்பூர் லஸ் முனையைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம், "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இசபெல் ஆஸ்பத்திரியில்" என்று பலர் பதில் சொல்வார்கள். 1949-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த மருத்துவமனையை நடத்தி வருபவர்கள் கத்தோலிக்கக் கன்னித்துறவிகள். துறவற உடை அணிந்த சகோதரி ஒருவர் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்து, "பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்" என்று சொன்னால் நமக்கு அதில் வியப்பு எதுவும் தோன்றாது.

ஆனால் வாசகர்களே, அந்த மருத்துவமனை தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை இக்காட்சிக்குத் திருச்சபையின் சட்டத்தில் இடமில்லை. துறவு பூண்ட பெண் நோயாளிக்குக் கஞ்சி புகட்டலாம். புண்ணுக்குக் கட்டுப் போடலாம். இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்யலாம். ஆனால் டாக்டராகத் தொழில் நடத்தக் கூடாது. பிரசவம் பார்க்கவும் கூடாது. இந்தத் தடை ஏன் வந்தது? அது இருக்கும்போதே ஒரு கன்னித்துறவி நம் பழைய சென்னை மாகாணத்தில் எப்படி டாக்டராகப் பணிபுரிந்தார்? பிறகு தடை எவ்வாறு விலகியது? இவற்றைக் காண்போம்.

தடை பிறந்த கதை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறவிகள் சிலர் மடத்தை விட்டு வெளியேறி, வைத்தியம் பார்த்துப் பொருள் சேர்க்கத் தொடங்கினர். 1139-ஆம் ஆண்டு ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் இதைக் கண்டித்துத் தடை விதித்தது. துறவி பணத்தாசைக்கு இரையாகக் கூடாது என்பதே அதன் நோக்கம். அக்காலத்துக்கு அது நியாயமான கவலைதான்.

ஆனால் சட்டங்களுக்கு ஒரு குணம் உண்டு. பிறந்த காரணம் மறைந்த பின்னும் அவை வாழ்ந்துகொண்டிருக்கும். 1917-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்திலும், ரோமின் தனி அனுமதி இன்றிக் குருக்கள் மருத்துவமோ அறுவைச் சிகிச்சையோ செய்யக் கூடாது என்ற விதி இடம்பெற்றது. அது துறவு வாழ்வினரையும் கட்டுப்படுத்தியது. கன்னித்துறவிகளுக்கோ இன்னொரு தளையும் இருந்தது. மகப்பேற்றுப் பணி அவர்களுடைய கற்பு விரதத்துக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டது.

பிரசவ அறையில் காத்திருந்த மரணம்

இத்தடையால் நேர்ந்த இழப்பை உணர வேண்டுமானால், அக்காலப் பிரசவ அறையை நாம் எட்டிப் பார்க்க வேண்டும். தாயின் உயிரைப் பறித்த எதிரிகள் முக்கியமாக நான்கு: நிற்காத இரத்தப்போக்கு, குழந்தை வெளிவர முடியாத தடைப்பட்ட பிரசவம், வலிப்பு, பேறுகாலக் காய்ச்சல்.

இவற்றுள் காய்ச்சலின் கதை விந்தையானது. வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1846-ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர்கள் பணிபுரிந்த பிரிவில் 100 தாய்மார்களுக்குச் சுமார் 11 பேர் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவிலோ 3 பேருக்கும் குறைவு. படித்தவர்களின் கையில்தான் சாவு அதிகம்! செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதற்குக் காரணம் கண்டார். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். 1847-இல் அவர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். மறு ஆண்டில் அந்தப் பிரிவின் சாவு 100-க்குச் சுமார் 1 என்ற அளவுக்கு இறங்கியது.

ஆகவே தாயைக் காப்பாற்றும் அறிவு உலகில் இருந்தது. ஆனால் நம் நாட்டில் அது தாயிடம் போய்ச் சேரவில்லை. கோஷாப் பெண்களும் வேறு பல குடும்பத்துப் பெண்களும் ஆண் டாக்டரிடம் தம்மைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று எண்ணினார்கள். பெண் டாக்டர் இல்லையெனில் டாக்டரே இல்லை என்பதுதான் நிலைமை.

சென்னை இதை முன்பே உணர்ந்த ஊர். 1875-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். "கோஷா ஆஸ்பத்திரி" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, சேப்பாக்கத்துக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதுதான் இது! 1912-இல் முத்துலட்சுமி அம்மையார் அதே கல்லூரியில் தேறினார். பிற்காலத்தில் அடையாற்றில் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியால் உருவாயின. இப்படிப் பெண்கள் டாக்டர்களாகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடுக்களை வரை தடையின்றிச் சென்று, பெண்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த கன்னித்துறவிகளுக்கு மட்டும் வழி அடைபட்டிருந்தது.

ஒரு சிறு நூல் செய்த வேலை

இந்த முரண்பாட்டை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆக்னஸ் மெக்லாரன். 1837-இல் பிறந்த அவருக்குச் சொந்த நாட்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. பிரான்சுக்குப் போய் மான்பெலியே பல்கலைக்கழகத்தில் படித்து 1878-இல் டாக்டரானார். பிற்காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1909-இல் அவர் முயற்சியால் ராவல்பிண்டியில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. அங்கே பணிபுரியக் கன்னித்துறவிகளை மருத்துவம் படிக்கவிட வேண்டும் என்று ரோமுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். விடை காணாமலேயே 1913-இல் காலமானார்.

அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சிறு நூல் ஒன்று கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் போயிற்று. 1915-ஆம் ஆண்டு அதைப் படித்தவர் டாக்டர் மேரி கிளௌரி. 1887-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். நகரில் நல்ல பெயரோடு தொழில் நடத்திவந்தவர். இந்தியப் பெண்கள் டாக்டர் இல்லாமல் சாகிறார்கள் என்ற செய்தி அவர் மனத்தைத் தைத்தது. போவது என்று அன்றே முடிவு செய்தார்.

ஆனால் உடனே கப்பலேறிவிடவில்லை. இங்கேதான் நாம் அவரிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். தாம் போகும் நாட்டில் எது தேவைப்படும் என்று சிந்தித்து, அதற்கேற்ப மேற்படிப்புப் படித்தார். 1919-இல் மகப்பேறு, பெண்களின் நோய்கள், கண் மருத்துவம் ஆகியவற்றில் எம்.டி. பட்டம் பெற்றார். வெறும் இரக்கம் போதாது, திறமையும் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்!

குண்டூரில் டாக்டர் சகோதரி

1920 ஜனவரியில் புறப்பட்ட அவர் பிப்ரவரி 12 அன்று குண்டூரை அடைந்தார். அப்போது வயது 32. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டரில் உள்ள குண்டூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே 1904 முதல் பணிபுரிந்துவந்த, டச்சு நாட்டில் பிறந்த இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். 'திரு இருதயத்தின் சகோதரி மேரி' என்பது அவர் ஏற்ற துறவுப் பெயர்.

துறவியானால் டாக்டர் தொழிலை விட வேண்டும். டாக்டராக இருந்தால் துறவியாக முடியாது. இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது? போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். சட்டம் அப்படியே இருக்க, ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது. உலகிலேயே டாக்டராகப் பணிபுரிந்த முதல் கத்தோலிக்கக் கன்னித்துறவி என்று இவரைப் பலர் குறிப்பிடுவது இதனால்தான்.

சகோதரிகள் நடத்திவந்த சிறிய மருந்தகம் அவர் கையில் வளர்ந்து புனித சூசையப்பர் மருத்துவமனை ஆயிற்று. நோயாளி வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கிராமங்களுக்குத் தாமே சென்றார். தெலுங்கு கற்றார். உள்ளூர் மூலிகைகளின் குணங்களையும் ஆராய்ந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்ப் பெண்களை நர்சுகளாகவும் மருத்துவச்சிகளாகவும் மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றினார். ஒரு டாக்டர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. பயிற்சி பெற்ற பத்துப் பேர் பத்து ஊர்களுக்குப் போனால் அந்த எல்லை விரிகிறது. கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அவருடைய பணியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1936: திறந்த இரண்டு கதவுகள்

இதற்கிடையே மெக்லாரன் விதைத்த விதை வேறோர் இடத்திலும் முளைத்திருந்தது. அவருடைய ஊக்கத்தால் மருத்துவம் படித்த ஆஸ்திரியப் பெண்மணி அன்னா டெங்கல், 1920 முதல் ராவல்பிண்டி மருத்துவமனையில் பணிபுரிந்தார். தாய்மார்களின் துன்பத்தை நேரில் கண்ட அவர், அமெரிக்கா சென்று 1925-இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையை நிறுவினார். ஆனால் சட்டம் குறுக்கே நின்றதால், அதன் உறுப்பினர்கள் முறைப்படி துறவற வார்த்தைப்பாடு எடுக்க முடியவில்லை. பதினோரு ஆண்டுகள் அப்படியே காத்திருந்தனர்.

1936 பிப்ரவரி 11 அன்று ரோமிலிருந்து புதிய ஆணை வெளிவந்தது. கன்னித்துறவிகள் மருத்துவம் படிக்கலாம். மகப்பேற்றுப் பணியும் செய்யலாம் என்று அது அறிவித்தது. தாய்மார்களையும் குழந்தைகளையும் காக்க அவர்கள் தகுந்த பட்டங்களைப் பெற வேண்டும் என்று ஊக்கமும் அளித்தது. குண்டூரில் ஒருவருக்கு மட்டும் கிடைத்த விதிவிலக்கு எல்லோருக்கும் வழியாயிற்று!

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். ஜெர்மானிய விஞ்ஞானி டொமாக் 1935-இல் புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயப்பொருளின் நோய்நீக்கும் ஆற்றலை வெளியிட்டார். சல்ஃபா மருந்துகளுக்கு முன்னோடி அதுவே. 1936-இல் லண்டன் டாக்டர் கோல்புருக் அதைப் பேறுகாலக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அவர் மருத்துவமனையில் கடுமையான காய்ச்சல் கண்ட தாய்மார்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் இறந்தனர். புதிய மருந்து பெற்ற முதல் 38 பேரில் இறந்தவர் 3 பேர் மட்டுமே. ஆய்வுக்கூடத்தில் ஒரு கதவும் ரோமில் ஒரு கதவும் ஒரே ஆண்டில் திறந்தன. மருந்து மட்டும் வந்து, அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்லும் கைகள் கட்டுண்டிருந்தால் என்ன பயன்? கைகள் மட்டும் விடுபட்டு, மருந்து இல்லாதிருந்தால்தான் என்ன பயன்?

அணையில் தேங்கிய நீருக்கு ஆற்றல் உண்டு என்று இயற்பியலில் படிக்கிறோம். மதகைத் திறக்கும்வரை அது வயலுக்குப் பயன்படாது. படிக்கத் துடித்த கன்னித்துறவிகளின் நிலையும் அதுவே. அவர்களிடம் ஆற்றல் குறையவில்லை, மதகுதான் மூடியிருந்தது.

தொடரும் பணி

மேரி கிளௌரி அத்துடன் ஓயவில்லை. ஊருக்கொரு மருத்துவமனை தனித்தனியே திணறுவதைக் கண்டு, 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே சங்கமாக இணைத்தார். அச்சங்கம் இன்றும் நாடு முழுவதும் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரி ஒன்று அமைய வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. 1957 மே 5 அன்று பெங்களூரில் அவர் கண்மூடினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1963-இல், அதே பெங்களூரில் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையின் முயற்சியால் புனித ஜான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கனவு கண்டவர் அதைப் பார்க்கவில்லை.

மெக்லாரன் விடை காணாமல் மறைந்தார்; அவரைப் படித்தே கிளௌரி வந்தார். கிளௌரி கல்லூரியைக் காணாமல் மறைந்தார். அங்கே படித்த டாக்டர்கள் இன்று எங்கெங்கோ பணிபுரிகிறார்கள்.

ஒரு பழைய விதியை ஒரே நாளில் யாரும் மாற்றிவிடவில்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் செய்து காட்டினார், ஒருவர் காத்திருந்தார். பிறகுதான் அது மாறியது. அடுத்த முறை லஸ் பக்கம் போகும்போது அந்த மருத்துவமனை வாசலில் ஒரு கணம் நின்று பாருங்கள். குழந்தையை அணைத்தபடி ஆட்டோவில் ஏறும் தாய்க்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.