லிங் (விதிவினை)

லிங் என்பது 'செய்க', 'செய்ய வேண்டும்' என்னும் கருத்தைத் தரும் வடமொழி வினைவடிவம். மொழியியலில் வினைப்பாங்கு எனப்படும் வகையில் இது அடங்கும்.

வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி இதற்கு விதி, நிமந்திரணம், ஆமந்திரணம், அதீஷ்டம், சம்பிரச்னம், பிரார்த்தனை என ஆறு பொருள் கூறினார். நிமந்திரணமும் ஆமந்திரணமும் அழைப்புகளே. மறுக்கக் கூடாதது முன்னது. வருவதும் வராததும் அழைக்கப்பட்டவர் விருப்பமானால் பின்னது. முன்னதற்குப் பட்டோஜி தீட்சிதர் காட்டும் எடுத்துக்காட்டு, சிராத்தச் சாப்பாட்டுக்கு மகள் வயிற்றுப் பேரனை அழைப்பது.

வேள்வி செய்யச் சொல்லும் 'யஜேத' என்னும் லிங் வடிவத்தில் கேட்பவனைத் தூண்டுவது எது என்பது வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகரின் நெடுநாள் வழக்கு. சொல்லுக்குள்ள தூண்டும் ஆற்றலே என்றார் குமாரில பட்டர். விரும்பியதைப் பெற இதுவே வழி என்ற அறிவு என்றார் மண்டன மிஸ்ரர். செய்தே தீர வேண்டிய 'காரியம்' என்றது பிரபாகரர் தரப்பு; பெரியவர் ஏவ, மற்றவர் செய்வதைக் கண்டே குழந்தை மொழி கற்பதால் சொற்களெல்லாம் காரியத்தைச் சார்ந்தே பொருள் தரும் என்றும் வாதிட்டது. அப்படியானால் பிரம்மத்தை எடுத்துரைப்பதோடு நிற்கும் உபநிடத வாக்கியங்கள் வலுவிழக்கும். பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் இதை மறுத்தார்: அம்மா, அப்பா, மாமா, நிலா, பறவை என்று விரல் நீட்டிக் காட்டியும் குழந்தைக்குச் சொற்கள் கற்பிக்கப்படுகின்றன; அங்கே ஏவல் ஏதுமில்லை. வாதம் முழுவதிலும் உயிருள்ள இடம் இதுவே எனலாம்.

    விதி என்பது இறைவனின் ஆணையே என்ற கருத்தைப் பின்னாளில் இராமானுசர் வழிவந்த வேதாந்த தேசிகர் வளர்த்தார்.

தமிழில் ஏவலும் வியங்கோளும் லிங்குக்கு அருகில் நிற்பவை. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். அறவே வராது என்பதா, அருகி வரும் என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூவிடத்துக்கும் அதைப் பொதுவாக்கியது நன்னூல்.