தகடூர் வேலும் ஔவையின் நாவும்

முதல் உலகப் போரில் படைக்கலம் ஏந்திய ஆங்கிலக் கவிஞர் இருவரை இலக்கிய வரலாறு எதிரெதிரே நிறுத்துகிறது. ரூபர்ட் புரூக், நாட்டுக்காக மடிவதைத் தூய ஈகையாகப் பாடியவர். 1915ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று இலண்டன் தூய பவுல் பேராலய மறையுரையிலேயே அவருடைய கவிதை வாசிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குள், கலிப்பொலிப் போர்முனையை எட்டுமுன்னரே, கொசுக்கடியால் குருதியில் நச்சேறி அவர் மாண்டார்.

வில்ஃபிரட் ஓவனோ பதுங்குகுழியின் சேற்றையும் நச்சுப்புகையையும் நேரில் அறிந்தவர். படையில் சேருமுன் ஆங்கிலிக்கன் பங்கு ஒன்றில் குருவுக்கு உதவியாளராய் இருந்தவர். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சியைக் கவிதையாக்கும்போது, வானதூதர் தடுத்தும் கேளாமல் தந்தை மகனை வெட்டிவிடுவதாக முடித்தார். 1918 நவம்பர் 4ஆம் நாள் அவர் வீழ்ந்தார். போர் ஓய்ந்த நவம்பர் 11 அன்றுதான் அச்செய்தி இல்லத்தை எட்டியது.

இன்று புரூக்கைத் தாழ்த்தி ஓவனை உயர்த்துவது எளிது. ஆனால் இருபத்தேழு வயது இளைஞன் ஒருவன்மேல் முழுப் பழியையும் சுமத்துதல் முறையாகாது. அவன் பாட்டை மறையுரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. மறையுரை ஆற்றும் கடமையுடைய நாம் இதை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

கடத்தூரில் வாழும் நமக்கு இம்முரண் கடல் கடந்த செய்தியன்று. நம் மாவட்டத் தலைநகராகிய தருமபுரியே சங்ககாலத் தகடூர்; அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு தருகிறது. மேடைகளில் இதனை அமைதித் தூது என்றே பேசிவருகிறோம். பாட்டைக் கூர்ந்து நோக்கினால் அதில் போர்வெறுப்பு எதுவும் இல்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் அணிசெய்யப்பட்டுக் காவலில் கிடக்கின்றன. அஞ்சியின் வேல்களோ குத்திக் குத்திச் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்து, தன் தலைவன் ஓயாமல் போரிடுபவன் என்று எதிரியை எச்சரிக்கும் பாட்டு அது. இவ்விடத்தில் ஔவையார் ஓவனைவிடப் புரூக்குக்கே நெருங்கியவர் எனத் தோன்றுகிறது.

பின்னர்ச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுக்கட்டிலும் அவன் கொடுக்க, அரசை அவனுக்கே திருப்பியளித்துப் புலவர் அமைச்சுரிமை ஏற்றார் என்கிறது பதிகம். வென்றவனிடம் இத்துணைச் சிறப்புப் பெற்ற அவரே, அப்போரில் வீழ்ந்த எழினிக்காகவும் அழுதிருக்கிறார் (புறம் 230). விதைநெல்லையே உண்டுவிட்ட வறிய உழவனைப் போல அறிவிழந்தாய் என்று கூற்றுவனைக் கடிந்துகொள்கிறார். எழினியை விட்டுவைத்திருந்தால் அவன் களங்களில் கூற்றுவனுக்கு இன்னும் எத்தனையோ உயிர்கள் கிடைத்திருக்குமாம்! இரங்கற்பாவுக்குள்ளும் கொலைக்கணக்கு. இப்பகுதியைப் படிக்கையில் நமக்கு உடல் சிலிர்க்கிறது. அது வியப்பினால் மட்டுமன்று.

ஔவையார் நிலை வேறு. அஞ்சி இறந்தபின் அவர் பாடிய 235ஆம் பாட்டில் வேல் மீண்டும் வருகிறது. இம்முறை அது கொல்லன் பட்டறையில் இல்லை. அஞ்சியின் மார்பில் இருக்கிறது. அங்கும் நில்லாமல் அவனை அண்டி வாழ்ந்த பாணர், இரவலர், புலவர் அனைவரையும் ஊடுருவிப் போனதாக அவர் புலம்புகிறார். வேலைப் புகழ்ந்த அதே நா, அந்த வேல் எத்தனை பேர் சோற்றில் பாயும் என்று கணக்கிடுகிறது. ஓவனுக்குப் பதுங்குகுழி கற்பித்ததை ஔவையாருக்கு ஒரு நண்பனின் சாவு கற்பித்தது போலும்.

232ஆம் பாட்டில் அஞ்சிக்கு நடுகல் நட்டாயிற்று. பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை ஏற்பானோ என்று கேட்கிறார் ஔவையார். இம்மாவட்டத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பிற்காலத்து நடுகற்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆநிரை மீட்டு இறந்தவர்களுடையவை அவற்றுள் பல. அவர்களுக்காகக் கேள்வி கேட்ட பாட்டு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை.