பெருங்குடல் புற்றுநோயும் ஒரு புரதத்தின் கதையும்

புற்றுநோய் என்றால் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். சரிதான், ஆனா அது பாதிக் கதை. இப்படிப் பெருகுகிற செல்லுக்கெல்லாம் ஆக்சிஜனும் சாப்பாடும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதற்காகக் கட்டி வெளியே அனுப்புகிற ஒரு புரதத்தின் கதை இது. அந்தப் புரதத்தை மடக்கும் மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான்.

1960களின் ஆரம்பம். ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிரெடெரிக் பெக்கரோடு சேர்ந்து, உடம்பிலிருந்து தனியே எடுத்து உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிக்குள் புற்றுசெல்களை விட்டுப் பார்த்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. செத்தும் போகவில்லை. அதே கட்டியை எலிக்குள் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தது. எலிக்குள் புது இரத்தக்குழாய்கள் கட்டியைத் தேடி வந்தன, தனிச் சுரப்பியில் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1971 நவம்பரில் இதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி வளராது என்றார். நிறைய பேர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றித் தெரிகிற குழாய்கள் வெறும் அழற்சி என்பதுதான் அன்றைய எண்ணம். "அந்தப் பொருளைக் காட்டுங்க பார்ப்போம்" என்றால் மனிதரிடம் காட்ட எதுவும் இல்லை.

1984ல் அவருடைய கூட்டாளிகள் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். செல்லைவிட்டு வெளியேறும் புரதங்களின் முனையில் பொதுவாக "இது வெளியே போகணும்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும் (இந்தச் சீட்டு விஷயத்துக்காகத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999ல் நோபல்). இந்தப் புரதத்தில் அந்தச் சீட்டையே காணோம்! வெளியே வராத புரதம் எப்படிக் குழாயைக் கூப்பிடும்?

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 1983ல் பாஸ்டனில் டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் டிவோராக்கும் கட்டி செல்கள் சுரக்கும் ஒரு புரதம் இரத்தக்குழாய்களை ஒழுக வைக்கிறது என்று கண்டிருந்தார்கள். 1989ல் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் கம்பெனியில் இருந்த இத்தாலியர் நெப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து குழாய்களை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்தார். பெயர் வி.இ.ஜி.எஃப். கடைசியில் பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான்! ஒரே யானையை ஆளுக்கொரு பக்கம் தடவியிருக்கிறார்கள். முக்கியமாக, இதில் அந்தச் சீட்டு இருந்தது.

அடுத்தடுத்து விஷயம் தெளிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் செல் இந்தப் புரதத்தை அதிகம் சுரக்கிறது என்று 1992ல் தெரிந்தது. பெருங்குடல் கட்டிகளில் இது எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இரத்தக்குழாயும் அதிகம், நோய் பரவுவதும் அதிகம் என்று 1995ல் ஒரு ஆய்வு சொன்னது. அதே வருஷம், இந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தபோது எலிகளின் கல்லீரலில் பெருங்குடல் புற்று பரவுவது குறைந்தது.

இங்கேதான் சுரக்கும் புரதம் என்பதன் அருமை. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆனால் திருடன் வீட்டுக்குள் போக வேண்டியதில்லையே, தெருவில் போகும் அவனுடைய தூதனைப் பிடித்தால் போதும்!

2002ல் மார்பகப் புற்றுநோய் சோதனை ஒன்றில் இந்த ஆன்டிபாடி மருந்து தோற்றது. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2003ல் பெருங்குடல் சோதனையின் முடிவு வந்தது. நோய் பரவிவிட்ட 813 பேர். கீமோதெரபி மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், கூடவே பெவசிசுமாப் எடுத்தவர்களுக்கு 20.3 மாதம். 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவாஸ்டின் என்று விற்கும் மருந்து இதுதான்.

கணக்குப் போட்டால் 33 வருஷ உழைப்புக்கு 4.7 மாதம். "இவ்வளவுதானா?"ன்னு கேட்கத் தோணும். மருந்து எடுத்தவர்களில் 1.5 சதவீதம் பேருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பரவாத நிலையிலேயே கொடுத்தால் நோய் திரும்பாது என்று எதிர்பார்த்தார்கள், 2009ல் வந்த முடிவில் அதுவும் நடக்கவில்லை. காரணம், கட்டி ஒரே ஒரு தூதனை நம்பி இருப்பதில்லை. ஒருவனைப் பிடித்தால் இன்னொருவனை அனுப்புகிறது.

ஆனாலும் அந்த 4.7 மாதத்தைச் சின்னது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது இடைநிலைக் கணக்கு, சிலருக்குக் கம்மி, சிலருக்கு ரொம்ப அதிகம். ஒரு பிள்ளையின் பரீட்சை, ஒரு மகளின் கல்யாணம், ஒரு பேரனின் பிறப்பு எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடந்துவிடலாம். ஃபோக்மன் 2008 ஜனவரியில் இறந்தார். தன்னைப் பார்த்துச் சிரித்த யோசனை மருந்துக்கடைக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த தூதனைத் தேடுகிறவர்கள் அவர் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.