இதழ்க் கட்டுரை அடைவு

இதழ்களில் சிதறிக் கிடக்கும் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தேடித் தருவது இதழ்க் கட்டுரை அடைவு. இன்றைய நூலகங்களின் கணினித் தரவுத்தளங்கள் இதன் வழிவந்தவை. நூலகப் பட்டியலில் இதழின் பெயர் மட்டுமே இருக்கும்; உள்ளே என்னென்ன கட்டுரைகள் உள்ளன என்பது தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்கவே அடைவுகள் தோன்றின.

அமெரிக்காவின் யேல் கல்லூரி மாணவரான வில்லியம் ஃபிரெடரிக் பூல், அங்கிருந்த மாணவர் சங்க நூலகத்தைக் கவனித்துவந்தார். சொற்போருக்கும் கட்டுரைக்கும் குறிப்புத் தேடி வந்தவர்களுக்கு, அலமாரியில் அடுக்கியிருந்த இதழ்த் தொகுதிகள் பயன்படாமலே இருந்தன. அவற்றைப் பூல் ஒவ்வொன்றாகப் புரட்டித் தயாரித்த அடைவு 1848இல் 154 பக்க நூலாக வந்தது. 1853இல் விரிவான பதிப்பு வெளியானது. அதன்பின் இதழ்கள் பெருகவே, வேலை தனியாள் கைக்கு அடங்காமல் போயிற்று. 1876இல் பிலடெல்பியாவில் கூடிய நூலகர் மாநாடு அதற்கு வழி கண்டது. ஒவ்வொரு நூலகமும் சில இதழ்களைப் பொறுப்பேற்று அடைவு செய்து அனுப்பும்; பூலும் வில்லியம் ஃபிளெட்சரும் தொகுப்பார்கள். இப்படி 232 இதழ்களை அடக்கிய பெரும்பதிப்பு 1882இல் வெளிவந்தது. நூலகர்களின் கூட்டுழைப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று அந்த நூற்றாண்டில் அரிது. ஆனாலும் கட்டுரை வந்த ஆண்டு அதில் இல்லை. ஆசிரியர் பெயரை வைத்துத் தேடவும் முடியாது.

1901இல் மினியாபோலிஸ் புத்தக வணிகர் ஹெச். டபிள்யூ. வில்சன் தொடங்கிய 'ரீடர்ஸ் கைடு' இந்தக் குறைகளைக் களைந்தது. ஆசிரியரும் பொருளும் ஒரே அகரவரிசையில் இடம்பெற்றன.

மருத்துவத்தில் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' 1964இல் கணினிக்கு மாறியது. 1971இல் அதிலிருந்து மெட்லைன் என்ற கணினித் தரவுத்தளம் பிறந்தது; 1997இல் பப்மெட் இணையத்தளம் வழியாக எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. பூலின் முதல் நூலுக்குப் பிறகு இத்துறையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவே. அதுவரை கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கே வாய்த்த தேடல், சிற்றூர் மருத்துவருக்கும் கைக்கு எட்டியது.

மெட்லைனின் உயிர்நாடி அதன் பொருள்தலைப்புகள். ஒரே நோயை ஆளுக்கொரு பெயரிட்டு எழுதினாலும் அக்கட்டுரைகள் ஒரே தலைப்பின்கீழ் சேரும். ஆகவே பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும், அதற்கு இடப்பட்ட தலைப்புகளைக் கொண்டு மறுபடி தேடுவது நல்லது. சொல்லை மட்டும் நம்பித் தேடுபவருக்குப் பல கட்டுரைகள் தவறிப்போகும். கட்டுரையைப் படித்துத் தலைப்பிடும் வேலையை நெடுங்காலம் பயிற்சி பெற்ற அடைவாளர்களே செய்தார்கள். 2022 முதல் அதைக் கணினி நிரல் செய்கிறது; தேர்ந்தெடுத்த சில கட்டுரைகளை மட்டும் ஆட்கள் சரிபார்க்கிறார்கள்.